‘வேற காலேஜ்ல சேர்த்துவிடுங்கம்மா!’

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாஸ்டலிலிருந்து போன் வந்தாலே உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறதா? ‘எனக்கு இந்தக் காலேஜ் வேணாம்மா, வேற எங்கயாச்சும் சேர்த்துவிடுங்க’ என்று பிள்ளை அந்தப் பக்கம் அழ, நீங்கள் இந்தப் பக்கம் அழ, பின்னாலிருந்து அப்பா, ‘அவ்வளவு பணம் கட்டியிருக்கேன், விளையாட்டா இருக்கா?’ என்று சத்தம் போட... ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பல வீடுகளில் இதுதான் நிலவரம்!

இதில் இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள். அம்மா அடுத்த பஸ்ஸில் போய் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிடத் துடிக்கிறார். அப்பாவோ, ‘பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டு, எல்லாம் சரியாயிடும்’ என்கிறார். நடுவில் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதது எது? காலேஜா, ஹாஸ்டலா, எடுத்த பாடமா, இல்லை உடம்பிலேயே ஏதாவது கோளாறா? நாலுக்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான்: தூக்கம் வராது, பசிக்காது, காரணமில்லாமல் அழுகை வரும், புத்தகத்தைத் திறந்தால் மண்டையில் ஏறாது. ஆனால் வைத்தியம் நாலுக்கும் வேறு வேறு.

‘திங்கட்கிழமை ஆனா வயித்தை வலிக்குது’ என்று பிள்ளை சொன்னால் நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மூளைக்கும் குடலுக்கும் நேரடியாக நரம்புத் தொடர்பு உண்டு. பயமோ, கவலையோ வந்தால் குடலின் இயக்கமே மாறிவிடும். சிலருக்கு பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குக் குமட்டல். வலி நிஜமான வலிதான். பரீட்சை நாளில் நாம் எல்லோரும் பட்ட அவஸ்தைதானே இது!

அதனால், டி.சி. பற்றிப் பேசுவதற்கு முன்னால் குடும்ப டாக்டரிடம் ஒரு முறை அழைத்துப் போங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளை. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. எட்டரை மணி வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் காலை டிபனை விட்டு, மெஸ் சாப்பாடு பிடிக்காமல் பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டினால் ரத்தம் எங்கிருந்து ஊறும்? ஹீமோகுளோபின் குறைந்தால் களைப்பு, படபடப்பு, கவனமின்மை எல்லாம் வரும். தைராய்டு குறைபாட்டிலும் மனசு சோர்ந்து போகும். இந்த இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இரும்புச்சத்து மாத்திரையில் தீர வேண்டியதற்காக ஒரு வருடப் படிப்பை விட்டுவிட்டு வருவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

லீவில் கவனியுங்கள்

ரத்தத்தில் குறையொன்றும் இல்லையென்றால் அடுத்தது என்ன? ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ பிள்ளை வீட்டுக்கு வரும்போது, விசாரணைக் கமிஷன் எதுவும் வைக்காமல், சும்மா கவனியுங்கள். முதல் நாளை விட்டுவிடுங்கள். அது பிரயாண அலுப்பில் தூங்கியே போய்விடும். மூன்றாம் நாள் எப்படி இருக்கிறான்? நாலு தோசை உள்ளே போகிறது, பழைய கூட்டாளிகளோடு சுற்றுகிறான், தங்கச்சியை வம்புக்கு இழுக்கிறான், ஆனால் பெட்டி கட்டும் சாயங்காலம் மட்டும் வயிற்று வலி திரும்ப ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் சிக்கல் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்கிறது.

மாறாக, வீட்டிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடக்கிறான், பிடித்த குழம்பு வைத்தாலும் தொட்டுப் பார்க்கவில்லை, கிரிக்கெட்கூட வேண்டாம் என்கிறான் என்றால், அது காலேஜ் பிரச்னை மட்டுமாக இருக்காது. மனச்சோர்வாக இருக்கலாம். எதிலும் நாட்டமில்லாத இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும் நீடித்தால் மனநல டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். இந்த நிலையில் காலேஜை மாற்றுவது, ஜுரக்காரனுக்குக் கட்டிலை மட்டும் இடம் மாற்றிப் போடுவதுபோலத்தான். முதலில் மனசுக்கு வைத்தியம். தெளிந்த பிறகு காலேஜைப் பற்றி அவனே சொல்லட்டும். ‘செத்துடலாம் போல இருக்கு’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் மட்டும், லீவு வரை காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே கிளம்பிப் போங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசு நடத்தும் சேவை இது.

இது இரண்டிலும் சேராத ஒன்று, வெறும் வீட்டு ஏக்கம். பதினெட்டு வருஷம் அம்மா கையால் சாப்பிட்ட பிள்ளைக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம். முதல் சில வாரங்கள் ஜாஸ்தியாக இருக்கும், ஒரு சிநேகிதம் கிடைத்ததும் தானாகக் குறையும். தினம் மூன்று வேளையும் வீடியோ காலில் ‘என்ன சாப்பிட்டே? மூஞ்சி ஏன் வாடியிருக்கு?’ என்று கேட்டு நாமே அதை ஆறவிடாமல் கிளறுவதும் உண்டு. பிரிவும் புது இடமும் தாங்காமல் தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாமே கெடும் அளவுக்குப் போனால் டாக்டர்கள் அதை ‘அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர்’ என்பார்கள். சில தடவை கவுன்சலிங் போனாலே பலருக்கும் நல்ல பலன் தெரியும்.

மாற்றித்தான் ஆகணுமா?

இடம்தான் சிக்கல் என்று தெரிந்த பிறகும், மொத்தக் காலேஜும் சிக்கலா என்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணி வரை லைட் போட்டுக்கொண்டு சத்தம் போடும் ரூம்மேட் ஒருவனே காரணமாக இருக்கலாம்! வார்டனிடம் பேசி ரூம் மாற்றுவது, வெளியே தங்கிப் படிப்பது என்று செலவில்லாத, அல்லது குறைந்த செலவுள்ள வழிகள் இருக்கின்றன.

ராகிங் என்றால் கதையே வேறு. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அப்பாக்களை என்னவென்று சொல்வது! தமிழ்நாட்டில் 1997லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு வருடம் வரை சிறை உண்டு. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். புகாருக்குப் பிறகும் நிர்வாகம் மூடி மறைக்கப் பார்த்தால், அந்த இடத்தைவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதில் தயக்கமே வேண்டாம்.

பாடம் பிடிக்கவில்லை என்பவர்களிடம், ‘எந்த வகுப்புல நேரம் போறதே தெரியலை?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு பேப்பராவது சொன்னால் நம்பிக்கை உண்டு. ஒன்றுமே இல்லை என்றால், அதே பிரிவை வேறு காலேஜில் படித்து என்ன ஆகப்போகிறது? மாற்ற வேண்டியது பாடத்தை. சில கல்லூரிகளில் முதல் வருட மார்க்கையும் காலியிடத்தையும் பார்த்து உள்ளேயே பிரிவு மாற்றித் தருகிறார்கள். முதலில் அதை விசாரியுங்கள்.

புதுக் காலேஜ் எது என்பதிலும் ஏமாறக்கூடாது. சிநேகிதி வாட்ஸ்அப்பில் போடும் கேன்டீன் போட்டோவை வைத்து முடிவு செய்யாமல், பிள்ளையை ஒரு நாள் அங்கே அழைத்துப் போய், படிக்கிற இரண்டு பேரிடம் தனியாகப் பேசவிடுங்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பவர்கள் பயண நேரத்தைக் கணக்குப் போடவேண்டும். இந்த வயதில் எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டாமா? காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து, ராத்திரி எட்டுக்குத் திரும்பினால் ஹாஸ்டல் பட்ட பாடே தேவலை என்று ஆகிவிடும்.

எல்லாம் பார்த்து, மாற்றுவதுதான் சரி என்று பிள்ளையும் நீங்களும் முடிவு செய்துவிட்டால், ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் ஒரே விஷயம்: புது இடம் கையில் வராமல் பழைய இடத்தில் டி.சி. வாங்கவே வாங்காதீர்கள்! நடு செமஸ்டரில் மாற்றம் கிடைப்பது அபூர்வம். பொதுவாக அடுத்த வருடத் தொடக்கத்தில், காலியிடம் இருந்தால், இரண்டு கல்லூரிகளின் தடையில்லாச் சான்றும் பல்கலைக்கழக அனுமதியும் வாங்கிச் சேர வேண்டியிருக்கும். அதுவரை வருகைப் பதிவைக் கோட்டை விடக்கூடாது. தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டம் மாறும் என்பதால் விட்டுப்போன பேப்பர்களைத் தனியாக எழுதவேண்டி வரலாம். முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர் ஒதுக்கீடு, கல்விக் கடன் இவையெல்லாம் மாறினாலும் தொடருமா என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

‘மொத்த வருஷத்துக்கும் பணம் கட்டினாத்தான் சர்டிபிகேட்’ என்று மிரட்டினால் பயப்படவேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. 2024-25ல் செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொன்னது. இந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், இன்ஜினீயரிங் படிப்புகளுக்கோ தனிக் கால அட்டவணை. அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது இடத்திலும் முதல் மாதம் அதே ஏக்கம், அதே வயிற்று வலி கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ‘மாத்தியும் சரியாகலையே’ என்று அதற்குள் பதறவேண்டாம். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பாக்கியிருந்தால் அதையும் பெட்டியில் எடுத்து வையுங்கள். காபி, டீயோடு சேர்த்து விழுங்காமல், எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடச் சொல்லுங்கள்.