அவலட்சணம் அப்படியே இருக்கட்டும்

பெங்களூரில் பிறந்த பழைய எச்.எம்.டி. கடிகாரங்களுக்குப் புது முகம் பொருத்துகிறார்கள். பளபளப்பு வருகிறது. போவது என்ன?

சதுரம் என்று சொல்ல முடியாது, வட்டமும் இல்லை. தடித்த உடம்பு, தங்க முலாம், மூன்று மணி இருக்க வேண்டிய இடத்தில் கிழமையும் தேதியும். பல வருடம் பீரோவில் கிடந்ததில் முலாம் உரிந்து அடியிலுள்ள உலோகம் எட்டிப் பார்க்கிறது. டயலில் ஈரம் இறங்கிப் பழுப்புக் கறை. இதுதான் எச்.எம்.டி. காஞ்சன். இன்றைய கண்ணுக்கு இது அழகாகத் தெரிவது கஷ்டம். ஆனால் ஒரு காலத்தில் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார் பெயர் சொல்லிக் கேட்ட கடிகாரம் இது. நினைத்தவுடன் கடையில் கிடைக்காது. கள்ளச் சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மாமனார்கள் உண்டு.

அந்த மாப்பிள்ளைகள் இன்று தாத்தாக்கள். கடிகாரம் பேரன் கைக்கு வருகிறது. அவன் அதை எடுத்துக்கொண்டு பெங்களூர் சிக்பேட்டைப் பக்கம் போனால் அவன் முன் இரண்டு வழிகள். டயலுக்குப் புதுப் பெயின்ட், கேஸுக்குப் புது முலாம், பொருத்தமாக வேறு முள் என்று மாற்றிவிடலாம். அல்லது உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டும் சுத்தம் செய்து, வெளித்தோற்றத்தை உள்ளபடியே விட்டுவிடலாம். பழைய கடிகாரம் சேகரிப்பவர்கள் உலகெங்கும் ஓயாமல் சண்டையிடும் விஷயம் இது. எச்.எம்.டி. விஷயத்தில் இந்தச் சண்டைக்கு ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது: இவற்றைச் செய்த தொழிற்சாலைகளே இன்று இல்லை.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்டபோது அதன் வேலை இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களைத் தயாரிப்பது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கைகோத்துக் கடிகாரத்தில் இறங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. சாவி கொடுத்து ஓடும் ஜனதா, கறுப்பு டயல் கொண்ட பைலட், பெண்களுக்கான சுஜாதா, தானாகவே சாவி ஏறும் காஞ்சன் என்று வரிசையாக வந்தன. பெங்களூரை அடுத்து ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று தொழிற்சாலைகள் விரிந்தன. பரீட்சையில் தேறிய பையனுக்கும், ஓய்வு பெறும் குமாஸ்தாவுக்கும் பரிசு என்றால் எச்.எம்.டி.தான் என்றிருந்த காலம் அது.

சரிவு பக்கத்து ஊரிலிருந்து வந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூரிலிருந்து மெலிந்த, நாகரிகமான குவார்ட்ஸ் கடிகாரங்களை 1987 முதல் கடைகளுக்கு அனுப்பியது. சாவி கொடுக்கும் கடிகாரம் பழம்பஞ்சாங்கமாயிற்று. பல வருட நஷ்டத்துக்குப் பிறகு 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எச்.எம்.டி. பெயரில் இன்றும் கடிகாரங்கள் விற்பனையாகின்றன. ஆனால் பழைய மாடல்களின் டயலும் முள்ளும் வேண்டுமென்றால் மிஞ்சிய கையிருப்பையோ, உடைந்த கடிகாரங்களில் கழற்றியதையோதான் நம்ப வேண்டும்.

வினோதம் என்னவென்றால், மூடப்போகிற செய்தி வந்தபோதுதான் எல்லோருக்கும் எச்.எம்.டி. ஞாபகம் வந்தது. கிராக்கி ஏறியதும் மறுபெயின்ட் தொழிலும் சூடு பிடித்தது. நிறுவனம் கனவிலும் நினைக்காத ஆரஞ்சு, கிளிப்பச்சை நிறங்களில் டயல் போட்டு, ஏதோ ஒரு கேஸில் ஏதோ ஓர் இயந்திரத்தை அடைத்து, பழைய கடிகாரம் என்ற பெயரில் விற்கிறார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. எழுத்து பிசிறியிருக்கும், நிமிடக் கோடுகள் நேராக நிற்காது, முள் அளவு பொருந்தாது. விவரம் தெரியாமல் வாங்குபவர் ஏமாறுவது ஒரு நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு: அதற்கு அடியில் ஒரு அசல் டயல் சுரண்டப்பட்டிருக்கிறது.

டயலுக்கு மறுபெயின்ட் என்றால் முதலில் பழைய பெயின்டையும் அச்சையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். கேஸுக்கு மறுமுலாம் என்றால் பழைய முலாமை நீக்கித் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க, அச்சில் வார்த்த கூரான விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கும். இரண்டையும் திரும்பப் பெற முடியாது.

மாற்ற விரும்புபவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கடிகாரம் கட்டிக்கொள்ளத்தான், பீரோவில் பூட்டி வைப்பது மரியாதையல்ல. அருவருப்பாக இருக்கிறது என்று பேரன் தொடவே மறுத்தால், அடுத்த தலைமுறையில் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். கோடிக்கணக்கில் செய்த சாமான்யர் கடிகாரத்துக்கு ஏன் இத்தனை பவித்திரம் என்ற கேள்வியும் இருக்கிறது.

ஆனால் அழகு பற்றிய தீர்ப்பு நிரந்தரமானதல்ல. 1960களில் ரோலெக்ஸ் நிறுவனம் டேடோனா மாடலில் விசித்திரமான எண்களும் கட்டங்களும் கொண்ட ஒரு டயலைப் போட்டது. கடைகளில் சீந்துவாரில்லை. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் அணிந்த அந்த ரகக் கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. காஞ்சனுக்கு அந்த யோகம் அடிக்கப்போவதில்லை. ஆனால் ஒரு தலைமுறை கோணல் என்று ஒதுக்கியதை அடுத்த தலைமுறை தேடி அலையும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவும் குறைவு. உலர்ந்துபோன எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் விடுவதும், முறிந்த ஸ்பிரிங்கை மாற்றுவதும் சிகிச்சை. அதைத் தவறு என்று யாரும் சொல்வதில்லை. கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியை மாற்றலாம். நல்ல தோல் ஸ்டிராப் ஒன்று போட்டாலே பாதி அவலட்சணம் மறையும். புது டயல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வேறு டயல் ஒன்றைத் தேடிப் பொருத்திக்கொண்டு, அசலைக் கழற்றிக் காகிதத்தில் பொதிந்து வைக்கலாம். கழற்றிய எதையும் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

ஜாலஹள்ளி எச்.எம்.டி. வளாகத்தில் 2019இல் திறந்த அருங்காட்சியகத்தில் இந்தக் கடிகாரங்கள் வரிசையாக இருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்தன என்பதை அங்கே பார்க்கலாம். ஒரு வீட்டின் முப்பது வருட வியர்வையும் வெயிலும் பட்டு எப்படி ஆயின என்பதைக் காட்டுவது பீரோவில் இருக்கும் அந்தக் கறை படிந்த காஞ்சன் மட்டும்தான். அதை மாற்ற நாளைக்கும் நேரம் இருக்கிறது. மாற்றிய பிறகு மீட்கத்தான் நேரம் கிடையாது.