முகமூடி போட்ட வார்த்தைகள்

"வேலைக்குப் போங்க" என்று யாராவது சொன்னால் நமக்கு என்ன விளங்கும்? பிரட்டுக்குப் போய், பேர் போட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவதுதான் விளங்கும். இதே வார்த்தைக்கு 1994ஆம் ஆண்டில் ஒரு நாட்டில் "பக்கத்து வீட்டுக்காரரைக் கொல்லுங்கள்" என்று அர்த்தம் இருந்தது. கேட்டவர்களுக்கு அது நன்றாகவே விளங்கியது.

அந்த நாடு ஆபிரிக்காவில் உள்ள ருவாண்டா. நம் பகுதியைப் போலவே மலைநாடு. தேயிலையும் விளைகிறது. அங்கே ஹுட்டு, துட்சி என்று இரண்டு சமூகத்தார் ஒரே மொழியைப் பேசிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். 1994 ஏப்ரல் 7ஆம் திகதி தொடங்கி ஏறக்குறைய 100 நாட்களுக்குள் சுமார் 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் துட்சிகள்.

இந்தக் கொலைகளுக்கு முன்பே வார்த்தைகள் தயாராகிவிட்டன. 1993இல் தொடங்கிய ஒரு தனியார் ரேடியோவில் நல்ல பாட்டுப் போடுவார்கள், பகிடி பேசுவார்கள். இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். நடு நடுவே "கரப்பான்பூச்சி" என்ற சொல் வரும். 1960களில் இரவில் வந்து தாக்கிய துட்சிப் போராளிகளுக்கு வைத்த பேர் அது. 1990களில் துட்சியாகப் பிறந்த கைக்குழந்தைக்கும் அதே பேர்தான். கொலை செய்வதற்கு "வேலை" என்று பேர். வெட்டுக்கத்தி "வேலைச் சாமான்" ஆனது. ஊரோடு சேர்ந்து கொலைக்குப் போவது "பற்றை வெட்டுறது" ஆனது.

ஏன் நேராகச் சொல்லவில்லை? நாளைக்கு யாராவது கேட்டால், "நாங்க பூச்சியைப் பத்தித்தானே பேசினோம்" என்று தப்பித்துக்கொள்ளலாம். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிட மோசமானது. மனுசனை வெட்டு என்றால் கை நடுங்கும். பற்றையை வெட்டு என்றால் நடுங்காது. பேச்சை மறைப்பது வெளியாட்களை ஏமாற்ற மட்டுமில்லை, செய்கிறவனின் சொந்த மனச்சாட்சியை ஏமாற்றவும்தான்.

லியோன் முகெசெரா என்ற அரசியல்வாதியின் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1992 நவம்பர் 22ஆம் திகதி ஒரு கூட்டத்தில் அவர் பேசினார். துட்சிகளின் ஊர் எதியோப்பியா, அவங்களை நியபரொங்கோ ஆற்று வழியாகச் சீக்கிரமாக அனுப்பி வைப்போம் என்ற பொருள்படப் பேசினார். வெளியூர்க்காரர் கேட்டால், ஏதோ பயணத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த ஆற்றில் எதியோப்பியாவுக்குப் படகில் போக முடியாது. முன்னைய கலவரங்களில் துட்சிகளின் பிணங்களை அந்த ஆற்றில்தான் போட்டார்கள் என்பது ஊர் மக்களுக்குத் தெரிந்த விசயம். 1994இல் அதே ஆற்று வழியே பிணங்கள் மிதந்து விக்டோரியா ஏரி வரை போயின.

முகெசெரா கனடாவுக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே வருசக்கணக்கில் வழக்கு நடந்தது. 2003இல் ஒரு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. 2005இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2012இல் அவரைத் திருப்பி அனுப்பினார்கள், 2016இல் ருவாண்டாவில் ஆயுள் தண்டனை கிடைத்தது. படித்த நீதிபதிகளே ஒரே பேச்சை இரண்டு விதமாக வாசித்தார்கள் என்றால், இந்த முகமூடி எவ்வளவு கெட்டியானது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த ரேடியோ செய்த வேலைக்குக் கைத்தொலைபேசி வந்துவிட்டது. லயத்துக்கு லயம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. வெள்ளையர் அல்லாதவர்களையும் யூதர்களையும் வெறுக்கிற கூட்டங்கள் மேல்நாடுகளில் 88 என்ற இலக்கத்தைப் போடுவார்கள். ஆங்கிலத்தில் எட்டாவது எழுத்து 'எச்'. இரண்டு எட்டு என்றால் ஹிட்லரை வாழ்த்துகிற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகள். (அதற்காக 88ஆம் இலக்க பஸ்ஸைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்! யார், எந்த இடத்தில் போடுகிறார் என்பதுதான் கணக்கு.) 2016இல் கெட்ட சொற்களைக் கம்பியூட்டர் பிடித்துவிடும் என்று தெரிந்ததும், கறுப்பினத்தவரை "கூகுள்" என்றும், யூதர்களை "ஸ்கைப்" என்றும் எழுத ஆரம்பித்தார்கள். கம்பெனிப் பேரை எந்த மெசின் தடுக்கும்?

நம் நாட்டுக்கு வருவோம். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் பரவியது. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பக்கம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் நிறுத்தியது. அந்தக் கலவரத்தில் தங்களுக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் கம்பெனி 2020இல் மன்னிப்புக் கேட்டது. மாத்திரை என்று சொல்லும்போது அது சுகாதாரப் பேச்சு மாதிரி இருக்கும். உள்ளே இருந்த செய்தி, "இவங்க நம்ம இனத்தை அழிக்கப் பாக்கிறாங்க, நாம முந்திக்கணும்" என்பதுதான்.

இந்த வித்தை நமக்குப் புதுசா? "கள்ளத்தோணி" என்ற சொல்லைக் கேட்காத தோட்டம் உண்டா? நம் பாட்டன், பூட்டன் துரைமார் ஆள் அனுப்பிக் கூட்டி வந்தவர்கள். மண்டபம் முகாமில் பரிசோதனை முடித்து, பதிவோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் சட்டவிரோதமாக வந்தவன் என்று ஒரே சொல்லில் முத்திரை குத்தினார்கள். முத்திரை விழுந்த பிறகு, 1948இல் பிரஜாவுரிமை போனதும், 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானதும் பலருக்கு அநியாயமாகவே படவில்லை. அதனால்தான் "ஊருக்கு அனுப்பி வைப்போம்" என்ற பேச்சின் சூடு மற்றவர்களைவிட நமக்குச் சீக்கிரம் உறைக்க வேண்டும். நம்ம பொடியன்கள் இன்னொரு சமூகத்தாருக்குப் பட்டப்பேர் வைத்துப் போனில் சிரிக்கும்போதும் உறைக்க வேண்டும்.

புதுச் சொல் ஒன்று போனில் வந்தால் அகராதியில் தேடிப் பிரயோசனமில்லை. அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது, அவங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பூச்சி என்றால் நசுக்கச் சொல்கிறது, நோய் என்றால் ஒழிக்கச் சொல்கிறது, படையெடுப்பு என்றால் சண்டைக்குக் கூப்பிடுகிறது. "சும்மா பகிடிதானே அம்மா" என்று பிள்ளை சொன்னால், "பகிடி என்ன, எனக்கும் விளக்கிச் சொல்லு" என்று பொறுமையாகக் கேளுங்கள். விளக்கிச் சொல்ல வாய் கூசினால் அது எப்படிப்பட்ட பகிடி என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை போனை ஒளித்து வைக்கும்.

"பாருங்க, என்ன அநியாயம்" என்று சொல்லிக்கூட அதை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நாமும் அதைப் பரப்புகிறோம். யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்பது தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஆசிரியரிடமோ தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமோ காட்டுங்கள். ஊர், கடை, நேரம் என்று குறிப்பிட்டு ஏதாவது வந்தால் அடுத்த நாள் பிரட்டு வரை காத்திருக்காமல் உடனே 119க்கு அழைத்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.