கரையோரப் பாடசாலையில் இளவேனில்

மார்கழி, தை மாதங்களில் குச்சவெளிக் கடற்கரையில் நிற்போருக்குக் கடலின் இரைச்சலன்றி வேறொன்றும் செவியில் விழுவதில்லை. வடகீழ்ப் பருவக் காற்றுச் சீறி வீசும். அலைகள் மணல்மேட்டை அறுத்துக்கொண்டு போகும். தோணிகள் தென்னை மரங்களின் அடியில் கவிழ்ந்து கிடக்கும். மாசி பிறந்து சில நாட்கள் சென்றதும் காற்றுத் தளர்கிறது. பங்குனியிலே கடல் குளம்போல அடங்கிக் கிடக்கிறது. கவிழ்ந்திருந்த தோணிகள் நிமிர்கின்றன. பொத்தல் அடைத்த வலைகள் வெயிலில் உலர்கின்றன. கரை முழுவதும் விழித்தெழும் அந்த வேளையிலேதான், கரையோரத்துப் பாடசாலையில் ஆசிரியர் வரவு இடாப்பைத் திறந்து பெயர்களை அழைக்கும்போது, பின் வாங்கிலிருந்து வரவேண்டிய ஒரு குரல் வராமற் போகிறது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி என்னும் ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் சென்றால் குச்சவெளியை அடையலாம். ஒருபுறம் கடல்; மறுபுறம் வயலும் காடும். மீன்பிடியும் நெற்செய்கையும் இப்பகுதி மக்களின் இரு கைகள். இத்தகைய கரையில், கத்தோலிக்க மரபிலே தோன்றிய ஆரம்பப் பாடசாலை ஒன்றுக்கு இளவேனில் என்பது எவ்வாறு வருகிறது, அக்காலத்தில் அங்கு என்னென்ன நிகழ்கின்றன, அவை எதற்காக நிகழ்கின்றன என்பவற்றைச் சற்று நோக்குவோம்.

மேல்நாட்டார் வசந்தம் என்று சொல்வது பனி உருகி மரம் தளிர்க்கும் காலத்தை. தமிழர் வகுத்த ஆறு பருவங்களிலே மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஈழத்தின் கீழ்க்கரையிலோ பனி உருகுவதற்கு இடமில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள மாரியிலே பெய்து தீர்ந்துவிடும். மழை ஓய்ந்து, மண் காய்ந்து, வேம்பு பூத்து, கடலும் அடங்கும் காலமே இங்குள்ளோருக்கு வசந்தம். வழக்கமாகத் தை முதல் சித்திரை வரை நடைபெறும் பாடசாலையின் முதலாந் தவணை இக்காலத்தோடு ஏறக்குறைய ஒத்து நிற்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இக்கரையிலே கல்விப் பணியில் இறங்கியது நேற்று இன்றன்று. திருகோணமலை மறைமாவட்டம் 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் இயேசு சபைத் துறவிகள் வந்து பணியை ஏற்றனர். நகரத்திலே பெரிய கல்லூரிகள் எழுந்தன. சிற்றூர்களிலே கோயிலை ஒட்டி ஓலைக் கொட்டகைகளில் சிறு பள்ளிகள் தோன்றின. ‘றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை’ என்னும் நீண்ட பெயரைச் சுருக்கி, ‘றோ.க.த.க. பாடசாலை’ என்று எழுதும் வழக்கத்தை வடக்கிலும் கிழக்கிலும் உள்ளோர் நன்கு அறிவர். கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பெரிய பாடசாலைகள் சில கட்டணம் பெறாத தனியார் பாடசாலைகளாக நிலைத்தன. சிறிய ஆரம்பப் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குச் சென்றன. ஆயினும் பெயரும், புனிதரின் திருநாளும், கோயில் மணியோடு ஒட்டிய பழக்கங்களும் பல இடங்களில் அழிந்துபோகவில்லை.

இனி, தவணையின் நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். ஆண்டு தொடங்கியதும் முதலில் வருவது கால்கோள் விழா. தரம் ஒன்றுக்கு வரும் குழந்தைகளை மேல் வகுப்புப் பிள்ளைகள் பூங்கொத்துக் கொடுத்துக் கைபிடித்து அழைத்துச் செல்வார்கள். தாயின் சேலைத் தலைப்பை விடாது பற்றியிருக்கும் பிள்ளையை, இன்னொரு சிறு பிள்ளையே வந்து அழைத்துச் செல்வதிலே ஒரு நுட்பம் உண்டு. ஆசிரியரைக் கண்டு அஞ்சும் குழந்தை தன்னைவிட ஓரிரு முழம் உயர்ந்த அக்காவைக் கண்டு அஞ்சுவதில்லை. பாடசாலை அந்நியரின் இடமன்று என்பதை அது அன்றே உணர்ந்துகொள்கிறது.

அடுத்து விளையாட்டு விழா. மாரியில் நீர் நின்ற மைதானம் உலர்ந்து, கோடையின் கொடும் வெயில் தொடங்குவதற்கு முன்னுள்ள சில வாரங்களே ஓட்டத்துக்கு ஏற்றவை. பிள்ளைகள் இல்லங்களாகப் பிரிக்கப்படுவார்கள். கத்தோலிக்கப் பாடசாலைகளில் அவ்வில்லங்களுக்குப் புனிதர்களின் பெயரையோ பழைய குருமாரின் பெயரையோ சூட்டுவது வழக்கம். தென்னோலையும் வண்ணத்தாளும் கொண்டு இல்லங்களைச் சோடிப்பார்கள். தவளைப் பாய்ச்சல், சாக்கோட்டம், கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுதல் என்று சின்னஞ்சிறாருக்கேற்ற போட்டிகள் நடைபெறும். இறுதியிலே பெற்றாருக்குக் கயிறிழுத்தல். வலைக்கயிறு இழுத்துக் காய்த்த கைகளுக்கு அது புதிய வேலையன்று. ஆண்டு முழுவதும் பாடசாலை வாயிலை மிதியாத தந்தையர் அன்று ஒருநாள் உள்ளே வருகின்றனர். அதிபர் அவர்களோடு பேசுவதற்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பும் அதுவே.

அவர் பேசவேண்டிய பொருள் ஒன்று உண்டு. கடல் திறக்கும் காலத்தில் வீட்டிலே கை வேண்டியிருக்கிறது. கரைவலை இழுப்பதற்குப் பலர் கூடவேண்டும். அம்பாப் பாட்டுக்கு இசைந்து இரு கயிற்றையும் ஒரே சீராக இழுத்தால்தான் மடி கரைசேரும். கயிற்றின் கடைசியிலே ஒரு சிறுவன் கைகொடுத்தால் அவனுக்கும் பிடி மீன் கிடைக்கும். அதே மாதங்களில் பெரும்போக நெல் அறுவடைக்கு வருகிறது. தாய் வயலுக்குச் சென்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறுமி வீட்டில் நிற்கவேண்டும். மேலும், தென்மேல் பருவக் காற்று மேல்கரையைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் கீழ்க்கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் புரிவது நெடுங்கால வழக்கம். முற்காலத்தில் குடும்பத்தோடு வந்தோரும் உளர். அவ்வாறு வந்த பிள்ளைகளின் பெயர் ஓர் ஊரின் இடாப்பில் இருக்கும். பிள்ளைகளோ மற்றோர் ஊரின் மணலில் இருப்பார்கள்.

சட்டம் இதனை அறியாமலில்லை. ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயம் என்னும் விதி 1998ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2016ஆம் ஆண்டில் அவ்வெல்லை பதினாறு வயதுக்கு உயர்த்தப்பட்டது. ஆயினும் சட்டம் வீட்டுக் கதவு வரைதான் செல்லும். ஒரு கிழமை வராத பிள்ளை மறு கிழமை வருவதற்கு வெட்கப்படும்; இரண்டு கிழமை வராத பிள்ளைக்குக் கழித்தலும் பெருக்கலும் புரியாமற் போகும்; ஒரு மாதம் வராத பிள்ளை அப்படியே நின்றுவிடும். கரையோரத்தில் படிப்பு ஒரே நாளில் அறுந்து விழுவதில்லை. வலை நைவது போலக் கண் கண்ணாக நைந்து போகிறது. ஆகையால் பாடசாலைக்கு வரவேண்டும் என்னும் விருப்பத்தைப் பிள்ளையின் உள்ளத்திலேயே ஊன்றவேண்டும். முதலாந் தவணையில் நிகழ்ச்சிகள் செறிந்திருப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. நாளை ஓட்டப் பயிற்சி உண்டு, மறுநாள் பாட்டுப் பழக வேண்டும் என்று எண்ணும் பிள்ளை, கடற்கரையிலிருந்து தானாகவே புறப்பட்டு வருகிறது.

விளையாட்டு விழாவின் ஆரவாரம் ஓய்ந்ததும், சில ஆண்டுகளில் ஓயும் முன்பே, தவக்காலம் தொடங்குகிறது. உயிர்த்த ஞாயிறு ஆண்டுதோறும் ஒரே நாளில் வருவதில்லை. மார்ச் 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுமதியை அடுத்த ஞாயிறே அப்பெருநாள். ஆதலால் அது மார்ச் 22க்கு முன்னரும் வராது. ஏப்பிரல் 25க்குப் பின்னரும் வராது. 2024ஆம் ஆண்டில் அது மார்ச் 31இல் வந்தது. அடுத்த ஆண்டில், சித்திரைப் புத்தாண்டும் கழிந்து ஏப்பிரல் 20இல் வந்தது. அந்நாளிலிருந்து 46 நாட்கள் பின்னோக்கி எண்ணினால் விபூதிப் புதன். இடையிலுள்ள ஆறு ஞாயிறுகளையும் நீக்கினால் எஞ்சுபவை நாற்பது நோன்பு நாட்கள். முந்திய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலே அப்புதனன்று நெற்றியில் இடப்படுகிறது. சென்ற ஆண்டு தான் பிடித்துச் சென்ற பசும் ஓலை இன்று சாம்பலாய்த் தன் நெற்றிக்கு வருகிறது என்பதைக் கேட்கும் சிறுவன், காலம் என்பது என்ன என்பதைப் புத்தகமின்றியே படிக்கிறான்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை நடைபெறும். இனிப்பு வாங்கும் காசைச் சேர்த்து, இல்லாதோருக்குக் கொடுக்கும் பழக்கமும் பிள்ளைகளுக்கு ஊட்டப்படும். ஆனால் இக்கரையின் வகுப்பறையில் இருப்போர் அனைவரும் ஒரே சமயத்தவராக இருப்பது அரிது. குச்சவெளிப் பகுதியில் முஸ்லிம்களும் சைவர்களும் கிறிஸ்தவர்களும் அயலயலே வாழ்கின்றனர். இலங்கைப் பாடசாலைகளில் அவரவர் சமயமே அவரவர்க்குப் பாடம். 2026ஆம் ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்தால், சிவராத்திரி பெப்ரவரி 15. விபூதிப் புதன் பெப்ரவரி 18. ரமழான் நோன்பும் அதே வாரத்தையே ஒட்டித் தொடங்குகிறது. இரவு விழித்த பிள்ளை, நெற்றியில் சாம்பல் இட்ட பிள்ளை, பகல் உணவு தவிர்க்கும் வீட்டுப் பிள்ளை ஆகிய மூவரும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே வாய்பாட்டைச் சொல்கின்றனர். நோன்பு என்ற ஒன்றை அயல்வீட்டாரும் நோற்கின்றனர் என்பதை ஏழு வயதில் கண்டறிந்தவன், எழுபது வயதிலும் அதனை மறப்பதில்லை.

இவற்றையெல்லாம் வெறும் கொண்டாட்டம் என்று எண்ணுவோர் 2005ஆம் ஆண்டின் முதலாந் தவணையை நினைத்துப் பார்க்கவேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை இலங்கைக் கரையைத் தாக்கியது. நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. நிலாவெளி, குச்சவெளிக் கரைகளும் அழிவுக்குள்ளாயின. தையில் திறக்கவேண்டிய பாடசாலைகள் பல இடங்களில் இடிந்து கிடந்தன. பல இடங்களில் அகதிகளின் தங்குமிடமாயின. மீண்டும் வகுப்புகள் கூடியபோது கடலின் ஓசையைக் கேட்டாலே நடுங்கிய பிள்ளைகள் இருந்தனர். அப்போது ஆசிரியர்களும் துறவிகளும் தொண்டர்களும் முதலில் கையில் எடுத்தவை பாடப் புத்தகங்களல்ல. பந்தும் பாட்டும் வண்ணக்கட்டிகளும் ஆகும். பிள்ளைகள் அலையை வரைந்தார்கள்; பின்னர் வீட்டை வரைந்தார்கள்; அதன் பின்னரே எழுத்துக்கும் எண்ணுக்கும் திரும்பினார்கள். விளையாட்டு என்பது கல்விக்கு இட்ட ஒப்பனையன்று, அதன் அடித்தளம் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

தவணையின் முடிவிலே குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று பெரிய கிழமை வருகிறது. அதனை அடுத்தோ அதற்கு முன்னரோ சித்திரைப் புத்தாண்டு. பிள்ளைகள் தென்னங்குருத்தில் சிலுவை முடையப் பழகுவார்கள். உயிர்த்த ஞாயிற்றின் பின் கோயிலில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதிகளுள் ஒன்று இக்கரைப் பிள்ளைகளுக்கு மிகவும் நெருங்கியது. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாத சீடர்கள், விடியற்காலையில் கரையில் நின்றவரின் சொற்படி வலை வீசி 153 மீன்களைப் பிடித்த வரலாறு அது. வெறும் வலையோடு கரைக்கு வரும் காலையின் களைப்பு என்ன என்பதை நகரத்துப் பிள்ளைக்கு விளக்கவேண்டும். குச்சவெளிப் பிள்ளைக்கு விளக்க வேண்டுவதில்லை. தன் வீட்டுத் தொழிலைப் பள்ளியிலும் மதிப்போடு பேசக் கேட்கும் பிள்ளைக்கு, தொழிலும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றுவதில்லை.

விடுமுறை முடிந்து இரண்டாந் தவணை திறக்கும் காலை, முன்செய்த முயற்சிகள் அனைத்துக்கும் பரீட்சை. அப்போது கடல் முற்றும் திறந்திருக்கும். மேல்கரைத் தோணிகளும் வந்து சேர்ந்திருக்கும். மீன் மலிந்து கையிலே காசு புழங்கும். ஆசிரியர் மீண்டும் இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராக அழைக்கிறார். பங்குனியில் வெறுமையாய்க் கிடந்த பின் வாங்கிலிருந்து, மீன்வாடை இன்னும் நீங்காத ஒரு சட்டைக்குள்ளிருந்து, ‘வந்தேன் சேர்’ என்று ஒரு குரல் எழுமானால், அந்தப் பாடசாலைக்கு இளவேனில் வந்துவிட்டது எனலாம்.