மொட்டை மாடியில் ஒரு வானமண்டபம்

ஊர் உறங்கும் வேளையில் ஒருவன் மொட்டை மாடியில் ஏறித் தகரக் கூரையைத் தள்ளித் திறந்தால் அயலார் என்ன நினைப்பார்கள்? நாம் புறா வளர்க்கப் போவதாகத்தான் வடக்கனந்தலில் முதலில் நினைத்தார்கள். புதையல் பார்க்கும் யந்திரம் வந்திருக்கிறது என்று பின்னர் ஒரு வதந்தி. உண்மையைச் சொன்னபோது நம்பியவர் ஒருவருமில்லை.

உண்மை இதுதான்: கண்ணுக்கு எட்டாத நட்சத்திரக் கொத்துக்களையும், நெபுலா என்னும் ஒளிமேகங்களையும் வீட்டிலிருந்தபடியே படம் பிடிக்கிறோம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு இது ஏற்ற பொழுதுபோக்குத்தானா என்று நம் இல்லத்தரசியார் இன்றும் கேட்கிறார். வளையலுக்கென்று சேர்த்த தொகையில் ஒரு பகுதி தூரதிருஷ்டிக் கண்ணாடியாக மாறிவிட்டபடியால், கேட்க அவருக்கு உரிமையுண்டு.

இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவர்களே வீட்டுக்காரர்கள்தாம். 1880-ல் ஒரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்த ஹென்றி டிரேப்பர் ஒரு டாக்டர். 1888-ல் ஆண்டிரோமீடாவின் சுருள் வடிவத்தைத் தகட்டில் பதித்த ஐசக் ராபர்ட்ஸ் கட்டட வேலை செய்து பொருளீட்டியவர்.

நம் தேசத்திலும் இத்தகைய கதை ஒன்றுண்டு. 1901-ல் ஐதராபாத் பிரபு நவாப் ஜாபர் ஜங், 15 அங்குல விட்டமுள்ள தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றைச் சீமையிலிருந்து தருவித்தார். அவரது சொந்த ஆசையில் பிறந்த அந்த நிலையம் 1908-ல் நிஜாம் சர்க்கார் வசமாயிற்று. சர்வதேச நட்சத்திர ஜாபிதாவுக்காக அங்கே வானத்தைத் தகடு தகடாகப் படம் பிடித்து, 12 தொகுதிகள் வெளியிட்டார்கள். அங்கே உத்தியோகம் பார்த்தவரின் மைந்தரே வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்த அவர், 1949-ல் ஹார்வர்டில் மாணவராயிருக்கும்போது தாம் எடுத்த படத் தகட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார். நம் கல்வராயனுக்கு வடக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை வானாராய்ச்சிக்குத் தேர்ந்தவரும் அவரே. அங்கே 1986-ல் அவர் பெயரால் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியை இழைத்தவர்கள் நம் நாட்டவர். ஒரு பிரபுவின் விளையாட்டுப் பொருள் எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்!

நம்முடைய கருவி சிறியது. தொல்லை மட்டும் பெரியது. பூமி 23 மணி 56 நிமிஷத்தில் ஒரு முறை சுழல்கிறது. அதே வேகத்தில் கருவியும் மேற்கு நோக்கித் திரும்பாவிட்டால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். அதற்காகக் கருவியின் அச்சைத் துருவத்தை நோக்கி நிறுத்தவேண்டும். துருவ நட்சத்திரமோ நம் ஊரில் அடிவானத்திலிருந்து சுமார் 12 பாகையே உயர்ந்து நிற்கும். அதையும் அடுத்த வீட்டுத் தென்னை மறைத்துவிடுகிறது. ஆகவே வேறொரு நட்சத்திரம் எப்பக்கம் நழுவுகிறதென்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்துகிறோம். முதல் மாதம் முழுவதும் இதிலேயே போயிற்று.

பிறகு மூன்று மூன்று நிமிஷமாக அறுபது படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் கணிப்பொறியில் ஒன்றாக்குகிறோம். நான்கு படங்களின் சராசரியில் தேவையற்ற புள்ளிக்கூச்சல் பாதியாகும், பதினாறில் காலாகும். பொறுமைக்குக் கணிதம் தரும் கூலி இவ்வளவே. ஐப்பசி, கார்த்திகையில் மழைமேகம். தை மாதத்தில் பனி நீர் கண்ணாடியில் படியும். மாசி முதல் சித்திரை வரைதான் நமக்கு அறுவடைக் காலம்.

அக்காலத்தில் தெற்கே எழும் ஒமேகா சென்டாரி என்னும் கொத்து நமக்கு மிகவும் பிரியமானது. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் அடங்கிய அதை, லண்டன்வாசி தம் ஊரிலிருந்து ஒருநாளும் காணமுடியாது. நமக்கோ அது 31 பாகை உயரத்தில் வந்து நிற்கிறது. அந்தத் தெற்குத் திசையில்தான், சந்து முனையில், வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்று வந்து சேர்ந்தது. பழைய மஞ்சள் சோடிய விளக்காயிருந்தால் வடிகட்டிக் கண்ணாடியால் ஓரளவு தடுத்திருப்போம். வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் அந்த உபாயம் பலிக்கவில்லை.

நள்ளிரவுக்கு மேல் மட்டும் விளக்கை அணைக்கலாகாதா என்று சந்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டோம். விளக்கு வந்ததே, முந்தின மழைக்காலத்தில் ஓர் ஆயாவைப் பாம்பு தீண்டிய பிறகுதான். பிழைத்தெழுந்த அந்த ஆயாவே திண்ணையிலிருந்து பதில் சொன்னாள்: “சாரு, நீங்க வானத்தெப் பாக்குறீங்க. நாங்க தரையெப் பாத்து நடக்கணுமில்ல?”

கேட்டதற்கு வெட்கினோம். எனினும் ஆசை விட்டபாடில்லை. விளக்கின் ஒளியில் ஒரு பங்கு தரைக்கு வராமல், பக்கவாட்டிலும் மேலேயும் வீணாகப் போவதைக் காகிதத்தில் வரைந்து காட்டினோம். விளக்குப் பராமரிக்கும் பணியாளர் உரிய அனுமதி பெற்று, வளைத்த தகர மூடி ஒன்றைப் பொருத்தினார். சந்தில் வெளிச்சம் குறையவில்லை. சற்றுக் கூடிற்றென்றே ஆயா சொன்னாள். மாடியில் இருள் முழுவதும் திரும்பவில்லை, பாதி திரும்பிற்று.

பங்குனியில் மூன்றிரவு உழைத்து எடுத்த படத்தைத் திண்ணைக்கே கொண்டுபோய்க் காட்டினோம். ஆயா கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தாள்.

“பொரியக் கொட்டி வெச்சாப்புல இருக்குது. இதுக்கா சாரு வெளக்க அணைக்கச் சொன்னீங்க?”