ஹட்டன் தொலைபேசியும் கோலாலம்பூர்க் குடும்பமும்

ஹட்டனில் தொலைபேசிக் கட்டணம் செலுத்த நிற்கும் ஒருவரிடம் ஸ்ரீலங்கா டெலிகொம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். அரசாங்கத்தினுடையது என்பார். பாதிதான் சரி. திறைசேரியிடம் இருப்பது 49.5 வீதம். 44.98 வீதம் மலேசியக் கோடீஸ்வரர் ஆனந்த கிருஷ்ணன் கட்டியெழுப்பிய குழுமத்தின் கையில் உள்ளது. அவரும் தமிழர்தான், இலங்கைத் தமிழ் வழிவந்தவர்.

1938இல் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர்களை எழுதுவினைஞர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் மலாயா அழைத்துக்கொண்டது. அப்படிப் போனவர்கள் குடியேறிய இடங்களில் பிரிக்ஃபீல்ட்ஸும் ஒன்று. அதே வெள்ளைக்காரன்தான் எங்கள் பாட்டன் பாட்டிமாரைத் தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்குக் கொண்டுவந்து லயத்தில் அடைத்தான். இரண்டு பயணங்களும் எங்கே போய் முடிந்தன என்று சில நேரம் யோசிப்பேன்.

எண்ணெய் வியாபாரத்தில் பணம் சேர்த்த ஆனந்த கிருஷ்ணன் 1995இல் மக்சிஸ் கைபேசிச் சேவையைத் தொடங்கினார். 1996 ஜனவரியில் அவரது மீசாட் செய்மதி விண்ணுக்குப் போனது. அதே ஆண்டு அஸ்ட்ரோ தொலைக்காட்சி ஒளிபரப்பாகியது. செய்மதி, அதில் ஏறும் அலைவரிசைகள், கைபேசி மூன்றும் ஒரே கையில். இவற்றுக்கெல்லாம் மேலே இருப்பது உசாஹா தெகாஸ். அது பங்குச்சந்தையில் இல்லாத தனியார் கம்பனி. இதுதான் குடும்பக் கட்டுப்பாட்டின் சூட்சுமம்: கீழே உள்ள கம்பனிகள் பொதுமக்களிடம் பணம் திரட்டும், கடிவாளம் மேலே இருக்கும். 2002இல் சந்தைக்கு வந்த மக்சிஸை 2007இல் வெளியே எடுத்தார்கள். 2009இல் அதன் மலேசிய வியாபாரத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. 2006இல் வாங்கிய இந்திய ஏர்செல் 2018இல் திவாலானது.

இலங்கைக்கு அவர்கள் வந்தது 2008இல், போரின் உச்சத்தில். 1997இல் ஜப்பானின் என்டிடி வாங்கியிருந்த டெலிகொம் பங்கை நெதர்லாந்தில் பதிவான ஒரு துணைக் கம்பனி மூலம் வாங்கினார்கள்.

நான் வளர்ந்த தோட்டத்தில் தொலைபேசி இருந்த இடங்கள் இரண்டு: துரை பங்களா, தோட்ட அலுவலகம். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் எங்கள் சனத்தில் பலர் வன்னிக்குப் போய்விட்டார்கள். கைபேசி வந்தபிறகுதான் லயத்துக்கும் வெளியுலகக் குரல் வந்தது. போரின் கடைசி மாதங்களில் வன்னியிலிருந்து அதுவும் வரவில்லை. 2020இல் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறினார்கள். கோபுரம் கட்டும் செலவைப் பத்து லயத்துச் சில்லறை ரீலோட் ஈடுசெய்யாது. அந்தக் கணக்கை வேறு விதமாகப் போடக்கூடியது அரசின் பங்கு மட்டும்தான்.

அந்தப் பங்கையும் விற்க 2023இல் ரணில் அரசாங்கம் முனைந்தது. விருப்பம் தெரிவித்தவர்களில் அம்பானி குடும்பத்தின் ஜியோவும் உண்டு. 2024இல் ஆட்சி மாறியதும் விற்பனை கைவிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 28இல் ஆனந்த கிருஷ்ணன் காலமானார்.