ஆய்வுகூடத்தில் எழும் ஐயம்: விஞ்ஞான ஆய்வுமாணவரின் நெருக்கடி பற்றிச் சில குறிப்புகள்

1917ஆம் ஆண்டு நவம்பரில் மியூனிக் நகரில் மாணவர் முன்னிலையில் உரையாற்றிய மக்ஸ் வேபர், அறிவாராய்ச்சியை வாழ்க்கைப் பணியாக ஏற்க விழைவோர் எதிர்நோக்கும் பொருளியல் நிலைமைகளிலிருந்தே தம் பேச்சைத் தொடங்கினார். பெரிய மருத்துவ, இயற்கை விஞ்ஞான நிறுவகங்கள் முதலாளித்துவத் தொழிலகங்களின் அமைப்பைப் பெற்றுவிட்டன என்றும், தொழிலாளி உற்பத்திச் சாதனங்களிலிருந்து பிரிக்கப்பட்டமை போன்றே உதவி ஆய்வாளரும் தம் கருவிகளிலிருந்து பிரிக்கப்பட்டு நிறுவகத் தலைவரில் தங்கியிருக்கின்றார் என்றும் அவர் விளக்கினார். மார்க்சியத்தோடு முரண்பட்ட ஒருவர் மார்க்சின் கருத்தாக்கத்தையே இவ்விடத்திற் கையாள நேர்ந்தமை மனங்கொளத்தக்கது.

விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டத்துக்காக ஆயும் மாணவரை வாட்டும் ஐயங்கள் இரு வகையின. தம் கருதுகோள் சரியானதா, கருவி காட்டும் அளவு மெய்யானதா என்பது ஒன்று. தாம் இதற்குத் தகுதியுடையவர்தானா, இதன்பின் தமக்கு வேலை உண்டா என்பது மற்றையது. முன்னது இல்லையேல் விஞ்ஞானமே இல்லை. பின்னது பெருமளவுக்கு ஊழியச் சந்தை விளைவிப்பது. இரண்டும் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மனத்தில் எழுவதால் ஒன்று மற்றொன்றாகத் தோற்றங் கொள்கின்றது. பரிசோதனை பிழைத்ததும் மாணவர் தம்மையே பிழையெனக் கொள்கின்றார். இம்மயக்கத்தின் ஊற்றுக்களை நோக்குவோம்.

அமெரிக்கப் பௌதிகவியலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1957 ஒக்ரோபரிற் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அடுத்த ஆண்டே வொஷிங்டன் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றிப் பட்டப்பின்படிப்புக்குப் பணத்தை வாரி வழங்கிற்று. 1970 அளவில், ஆண்டொன்றுக்கு வழங்கப்பட்ட பௌதிகவியற் கலாநிதிப் பட்டங்கள் ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தன. ஆனால் வியட்நாம் போரின் செலவும், இராணுவத்தோடு நேரடித் தொடர்பற்ற ஆய்வுகளுக்குப் பாதுகாப்பு நிதி செல்வதை மட்டுப்படுத்திய 1969ஆம் ஆண்டின் மான்ஸ்பீல்ட் திருத்தமும் நிதியின் ஊற்றைச் சுருக்கின. 1971இல் அமெரிக்கப் பௌதிகவியல் நிறுவகத்தின் வேலைவாய்ப்புப் பதிவேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்திருந்தனர். அங்கு அறிவிக்கப்பட்டிருந்த பதவிகள் 53. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அதே தகைமையோடு வெளியேறியோர் விரும்பிய இடத்தில் அமர்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் மாணவரின் அறிவாற்றல் குன்றிவிட்டதென எவரேனும் வாதிடுவாரா?

இது ஒருமுறை நிகழ்ந்து ஓய்ந்ததுமன்று. 1980களின் பிற்பகுதியில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பிரிவொன்று, 2006 அளவில் 675,000 விஞ்ஞானிகளுக்கும் பொறியியலாளருக்கும் பற்றாக்குறை ஏற்படுமெனக் கணித்தது. அதனை நம்பி இளைஞர் பலர் ஆய்வுகூடம் புகுந்தனர். பற்றாக்குறையோ வந்து சேரவில்லை. 1992இல் அக்கணிப்பு அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்றின் விசாரணைக்கு உள்ளாயிற்று.

மயக்கத்தின் மற்றொரு ஊற்று இலக்கிய மாணவரான எமக்கு நன்கு பரிச்சயமானது. 1963இல் பீற்றர் மெடவார் பி.பி.சி. வானொலியில், விஞ்ஞானக் கட்டுரை ஒரு மோசடியா என வினவினார். அதிலுள்ள தரவுகள் பொய்யானவை என்பது அவர் கருத்தன்று. சிந்தனை நடந்த முறையைக் கட்டுரையின் வடிவமே திரித்துக் காட்டுகின்றது என்பதே அவர் குற்றச்சாட்டு. வழிதவறல்கள், கைவிடப்பட்ட ஊகங்கள், வீணான மாதங்கள் யாவும் அவ்வடிவத்துக்கு வெளியே தள்ளப்படுகின்றன. பிறரின் செப்பமான அச்சுப் பக்கத்தையும் தமது குழம்பிய குறிப்பேட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் மாணவர் தம்மைத் தாழ்வாக மதிப்பது இயல்பே. (இக்கட்டுரையாளன் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை நான்கு முறை எழுதினான், கட்டடம் செய்த பிரதியில் அதன் சுவடு ஏதுமில்லை.)

1978இல் கிளான்ஸ், ஐம்ஸ் எனும் உளவியலாளர் இருவர், சாதனை புரிந்த பெண்கள் பலர் தம்மைப் போலிகளெனக் கருதி அஞ்சுவதை ஆராய்ந்து எழுதினர். பெண்கள் பற்றிய சமூக எதிர்பார்ப்புகளுக்கும் அவர்கள் அதில் இடமளித்திருந்தனர். பின்னர் அக்கருத்துப் பரவலானபோது சமூகம் உதிர்ந்தது. தனிமனிதக் கோளாறு மட்டும் எஞ்சியது. இவ்வுதிர்வு தற்செயலானதென நான் கருதவில்லை.

எனினும் அமைப்பின் மீது பழி சுமத்துவதோடு நின்றுவிடலாகாது. அது முற்போக்காளர் அடிக்கடி இழைக்கும் தவறு. 2018இல் வெளியான ஆய்வொன்றில், 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டப்பின்படிப்பு மாணவருள் நூற்றுக்கு 39 பேரிடம் மிதமானது முதற் கடுமையானது வரையான மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. உறக்கமின்றித் தவிப்பவருக்கு உபரிமதிப்புக் கோட்பாடு மருந்தாகாது. அவருக்கு மருத்துவரும் நண்பரும் வேண்டும். பிழைத்த பரிசோதனையும் உண்மையிலேயே பிழைத்ததுதான். அதனைத் திருத்தும் பொறுப்பு மாணவருடையதே. ஆனால் எந்த ஐயத்தை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதவேண்டும், எந்த ஐயத்தைச் சக மாணவரோடு பேசவேண்டும் எனப் பிரித்தறிதல் இயலும். பேசத் தொடங்கியதும், தமக்கு மட்டுமே உரியதென எண்ணிய அச்சம் அடுத்த மேசையிலும் இருக்கக் காண்பர். தம் துறையிற் பட்டம் பெற்றோர் எங்கே சென்றனர் என்ற விபரத்தைத் திணைக்களத்திடம் முதலாண்டிலேயே கேட்டுப் பெறுவதும் பயனுடையது. பலர் கைத்தொழில், அரசாங்கம், பாடசாலை எனச் சென்றிருப்பர். அவர்களைத் தோற்றோரென அழைப்பது பேராசிரியர் பதவி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டோரின் வழக்கம்.

இப்பேச்சு இயக்கமாக மாறியதும் உண்டு. 2022 நவம்பர் 14ஆந் திகதி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் பட்டப்பின்படிப்பு மாணவரும் தற்காலிக ஆய்வாளருமாகச் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வாடகை கொடுக்கப் போதாத ஊதியமே முதன்மைப் பிரச்சினை. மாணவர் என அழைக்கப்பட்டோர் தாம் ஊழியருமாவர் என்பதை நிலைநாட்டி, டிசம்பர் இறுதியில் ஊதிய உயர்வோடு கூட்டு ஒப்பந்தம் பெற்றனர். நிரந்தரப் பதவிகளின் எண்ணிக்கையை அவ்வொப்பந்தம் தொடவில்லை; தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை மேசையில் அது தீர்மானிக்கப்படுவதுமில்லை. 2025இற் கூட்டரசின் ஆய்வு மானியங்கள் பல நிறுத்தப்பட்டபோது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தாம் ஏற்கெனவே வழங்கிய பட்டப்பின்படிப்பு அனுமதிகளையே மீளப்பெற்றன. அவ்வனுமதியை இழந்தோர் அங்கு ஒரு பரிசோதனையைத்தானும் தொடங்கியிருக்கவில்லை.