ஸ்ரீரங்கம் என்னும் ஆற்றுத் தீவு

மாணவர்களே! திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினால், சிறிது நேரத்தில் காவிரிப் பாலம் வரும். ஸ்ரீரங்கத்தைத் தாண்டி வடக்கே சென்றாலோ கொள்ளிடம் குறுக்கிடும். ஊர் ஒரு தீவின் மேல் அமைந்திருப்பதே காரணம். மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். கிழக்கே கல்லணை வரை இவற்றின் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வண்டல் நிலமே இத்தீவு.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. நீர் பள்ளத்தை நாடும் அல்லவா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட்டது. பெரும்பகுதி நீர் கொள்ளிடத்தில் இறங்கி, தஞ்சை வயல்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. எனவே 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கினார். சாதாரண நாட்களில் நீர் காவிரிக்குத் திரும்பும். வெள்ளத்தின் மிகுதி கொள்ளிடத்தில் வழியும். 2018 ஆகஸ்டில் அங்கு 9 மதகுகள் இடிந்தபோது, நீர் மீண்டும் பள்ளத்தை நோக்கியே பாய்ந்தது. பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது.

ஸ்ரீரங்கம் 1994இல் திருச்சி மாநகராட்சியுடன் இணைந்தது. 2011 கணக்கெடுப்பில் மாநகர மக்கள் தொகை 8 லட்சத்துக்கும் மேல். மக்கள் பெருகலாம், தீவு பெருகாது. ஆற்றங்கரையை வீடுகளால் நிரப்பினால், வெள்ளம் எங்கே போகும்? சிந்தியுங்கள்.